படுத்த படுக்கையில் இருந்தால் பொழுது எப்படிப் போகும்? ஒரு நேயரின் கேள்விக்குப் பதில்

வணக்கம். இன்றைக்கு நாலைந்து கேள்விகள் எடுத்து வைத்திருந்தேன். கரூரிலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய குரல்பதிவைக் கேட்டபிறகு மற்றதெல்லாம் அடுத்த வாரத்துக்குப் போய்விட்டது. அவர் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன்.

மாடிப்படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். இன்னும் பல வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பகலில் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். “சீரியல் போட்டால் ஒரே அழுகையும் சூழ்ச்சியும். போனில் சின்னச் சின்ன வீடியோவாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் மத்தியானம் வந்துவிடுகிறது, ஆனால் என்ன பார்த்தேன் என்று ஒன்றும் நினைவில்லை. ஆஸ்பத்திரிக்கே நிறையச் செலவாகிவிட்டது அக்கா, இதற்கென்று இன்னும் ஒரு ரூபாய் கேட்க எனக்கு மனசில்லை. காசில்லாமல், மனசுக்குத் தெம்பு தருகிற மாதிரி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்” என்கிறார்.

சகோதரி, நீங்கள் கேட்டது பொழுதுபோக்கு. ஆனால் உங்கள் குரலில் “என்ன பார்த்தேன் என்று ஒன்றும் நினைவில்லை” என்ற இடம் இருக்கிறதே, அதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நம் பழைய நேயர்களுக்குத் தெரியும், நான் நூலகராக வேலை பார்த்தவள். வீட்டில் படுத்திருப்பவருக்காகப் புத்தகம் எடுக்க வருகிறவர்களை எங்களுக்குப் பார்த்தவுடன் தெரியும். “கனமில்லாத புத்தகமா குடுங்கம்மா, மார்ல வெச்சுப் படிக்க முடியலையாம்” என்பார்கள். நாங்களும் மெல்லிய நகைச்சுவைத் தொகுப்பு, துணுக்குகள் என்று எடுத்துக் கொடுப்போம். அது ஒரு வாரம் கழித்து மெதுவாகத் திரும்பி வரும். நாலு பாகம், ஐந்து பாகம் உள்ள பெரிய நாவலில் முதல் பாகம் கொண்டுபோனவர் மட்டும் நூலகம் திறக்கும் முன்பே வாசலில் நிற்பார். “அடுத்த பாகம் இருக்குங்களா? ராத்திரியே கேட்டுட்டாங்க.” படுத்திருப்பவருக்கு நாளைக்கு என்று ஒன்று மிச்சம் இருக்க வேண்டும். முன்பும் பல பதிவுகளில் இதைச் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். சின்ன வீடியோவில் குறை என்னவென்றால், அதில் நாளைக்கு எதுவும் மிச்சமில்லை.

சரி, காசில்லாமல் என்ன கிடைக்கும் என்று வருகிறேன்.

முதலில் காது. படுத்துக்கொண்டு போனை முகத்துக்கு மேலே பிடித்துப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் தோளும் கழுத்தும் வலிக்கும். மாத்திரை மயக்கத்தில் கை தளர்ந்து போன் மூக்கில் விழும். ஆகையால் கேட்பதுதான் உங்களுக்கு ஏற்றது. பிரசார் பாரதியின் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியில் ஆகாசவாணியின் தமிழ் நிலையங்கள் எல்லாம் இலவசம். உங்கள் பக்கத்துத் திருச்சி நிலையம் 1939-ல் தொடங்கியது. ஜனவரியில் திருவையாறு ஆராதனை நடக்கும்போது பஞ்சரத்ன கீர்த்தனைகளை வானொலி நேரடியாக ஒலிபரப்பும். ஆற்றங்கரைக் கூட்டத்தில் உட்கார இடம் பிடிக்க முடியாதவர்களும் அந்தக் காலைப்பொழுதில் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடலாம். டேட்டா தீர்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஒலி மட்டும் என்றால் நொடிக்கு 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பி போல்தான் ஆகும். வீடியோ அதைப்போல் பல மடங்கு இழுக்கும். போனில் எஃப்எம் ரேடியோ இருந்தால் டேட்டாவே வேண்டாம், வயர் உள்ள இயர்போன் ஒன்று செருகினால் அதுவே ஆன்டெனா. ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், வாசலில் யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டுமே.

அப்புறம் புத்தகம். மதுரைத் திட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1998 பொங்கல் அன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கியது. உலகம் முழுக்கத் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்து ஏற்றிய நூல்கள் அதில் இருக்கின்றன. இலங்கை எழுத்து வேண்டுமென்றால் நூலகம் என்ற பெயரிலேயே 2005-லிருந்து ஒரு பெரிய சேகரம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களையும் இதழ்களையும் அப்படியே படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். எல்லாம் இலவசம்.

இத்தனை இருந்தால் எதை எடுப்பது என்று திகைப்பு வரும். ஒன்றே ஒன்று சொல்கிறேன்: உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940-ல் தொடங்கி ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. அவர் 1942-ல் காலமாகும்போது முடியாமல் நின்றுபோனது. வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்று எழுதியதால் ஒவ்வொன்றும் சின்னது, ஒவ்வொன்றும் அடுத்ததைக் கையைப் பிடித்து இழுக்கும். படிக்க ஆசைப்பட்ட ஓர் ஏழைப் பையன் ஊர் ஊராக ஆசிரியரைத் தேடி அலைந்து, கடைசியில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்கிற கதை. மதுரைத் திட்டத்தில் எழுத்துவடிவில் இருப்பதால் போனையே வாசிக்கச் சொல்லலாம், இப்போது போன்கள் தமிழ் வாசிக்கின்றன. குரல் தட்டையாகத்தான் இருக்கும். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் சாயங்காலம் ஓர் அத்தியாயம் வாசிக்கச் சொல்லுங்கள். அது தடுமாறுகிற இடத்தில் நீங்கள் திருத்துவீர்கள். அந்தப் பத்து நிமிடம் நீங்கள் நோயாளி இல்லை, வாத்தியார். பகலில் நாலு அத்தியாயம் கேட்டுவிடலாம் என்று தோன்றும். கேட்காதீர்கள். ஒன்றோடு நிறுத்துங்கள், நாளைக்கு மிச்சம் இருக்கட்டும்.

இப்போது நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்த விஷயம். உங்கள் கட்டில் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது?

1984-ல் ரோஜர் உல்ரிச் என்பவர் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில ஆஸ்பத்திரி ஒன்றில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். பாதிப் பேருடைய அறை ஜன்னலில் மரங்கள் தெரிந்தன. மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக ஏறக்குறைய முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே கேட்டிருக்கிறார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி கட்டுகிறவர்கள் இதைப் பேசாமல் இருந்ததில்லை. நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? உடம்பு முடியாதவரை உள்ளறையில், காற்றுப் படக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, பீரோவைப் பார்த்தபடி படுக்க வைக்கிறோம். கட்டிலைத் திருப்புவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. மகன் இன்றைக்கு ராத்திரி வந்ததும் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

என் மாமியார் முதுகெலும்பு நசுங்கிப் படுத்திருந்தபோது அவருடைய அறை ஜன்னலுக்கு வெளியே துணி காய்கிற கொடி இருந்தது. ஒருநாள் கொடியின் நடுவில் குப்பை மாதிரி ஏதோ தொங்குகிறது, எடுத்துப் போடு என்றார். பக்கத்தில் போனேன், சிலந்தி நூல். மறுநாள் அதில் காய்ந்த பட்டைத்துணுக்கு, சருகு, புழு எச்சம் எல்லாம் ஒட்டியிருந்தன. தேன்சிட்டு கூடு கட்டுகிறது! பெண்சிட்டுதான் கட்டும். சின்னப் பை மாதிரி நீண்டு, பக்கவாட்டில் ஒரு வாசல், அந்த வாசலுக்கு மேலே மழை படாமல் ஒரு தாழ்வாரம்கூட வைக்கும். உள்ளே பஞ்சு கொண்டுவந்து அடைக்கும். அவ்வளவு நாளும் “எத்தனை மணி?” என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தவர், காலையில் காபிக்கு முன்னால் “தாழ்வாரம் போட்டாச்சா பாரு” என்று கேட்க ஆரம்பித்தார். முட்டை இட்டு ஏறக்குறைய இரண்டு வாரம் அடைகாக்கும். அந்தச் சமயத்தில் வாசலில் அலகு மட்டும் தெரியும். குஞ்சு பொரித்தபிறகு அப்பாவும் வந்து ஊட்டும். அந்த மாதம் முழுக்க நாங்கள் துணியை மொட்டைமாடியில் காயப்போட்டோம். மாமியாருக்கு வலி குறைந்ததா என்றால், வலி இருந்தது. ஆனால் வலியைப் பற்றிப் பேசுவதற்கு அவருக்கு முன்போல் நேரம் இல்லை.

எல்லார் வீட்டுக் கொடியிலும் தேன்சிட்டு வராது, எனக்குத் தெரியும். ஆனால் குயில் எல்லா ஊரிலும் இருக்கிறது. வெயில் ஏறத் தொடங்கியதும் கூவும். கூவுவது ஆண், பளபளவென்று கறுப்பாக இருக்கும். பெண்குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டது, ‘கிக் கிக்’ என்று வேறு குரல். பக்கத்தில் காக்கைக்கூடு இருந்தால் குயில் அதில் முட்டையிடப் பார்க்கும், காக்கை விரட்டும். இதைவிட என்ன சீரியல் வேண்டும்! ‘மெர்லின்’ என்ற இலவசச் செயலி பறவைக்குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், பார்வைக்கு எட்டாத பறவையையும் காதாலேயே கண்டுபிடிக்கலாம். ஆனால் முதலில் நீங்களே ஊகித்துவிட்டு அப்புறம் அதைக் கேளுங்கள், அதில்தான் ருசி. கூட்டுக்குப் பக்கத்தில் போய் போட்டோ எடுக்கச் சொல்லி மட்டும் யாரையும் அனுப்பாதீர்கள், தாய்ப்பறவை கூட்டை விட்டுவிடக்கூடும்.

2015-லிருந்து தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. இருந்த இடத்திலிருந்தே குறைந்தது 15 நிமிடம் பார்த்து, என்ன பறவை, எத்தனை என்று எழுதி ‘இ-பேர்ட்’ தளத்தில் ஏற்ற வேண்டும். நடக்க வேண்டியதில்லை. ஜன்னலோரக் கட்டிலிலிருந்து எண்ணிய ‘மைனா 4, காக்கை 11’ என்பதும் அந்தக் கணக்கில் சேரும். பொங்கல் வரை காத்திருக்கவும் வேண்டாம், வருடம் முழுக்க ஏற்றலாம்.

பார்த்தீர்களா, பொழுதுபோக்கு என்று தொடங்கி எங்கே வந்துவிட்டேன். உண்மையில் என்னிடம் யாராவது கேட்க வேண்டும் என்று நான் காத்திருக்கிற கேள்வி வேறு: “படுத்துக்கொண்டே நான் என்ன வேலை செய்யலாம்?” ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றால் கையில் விளக்கோடு நடக்கிற படம்தான் நமக்கு நினைவு வரும். கிரிமியப் போரிலிருந்து திரும்பிய மறு வருடம், 1857-ல், அவர் நோயில் விழுந்தார். அதன்பிறகு பல வருடம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே, கட்டிலிலும் சோபாவிலும் இருந்தபடி கடிதமும் அறிக்கையுமாக எழுதித் தள்ளினார். இந்தியாவின் சுகாதாரம் பற்றியும் அங்கிருந்தேதான் எழுதினார். நோயாளிக்கு ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கொடுமை என்று எழுதியவரும் அவரே.

உங்களால் முடிகிற ஒரு வேலை இருக்கிறது. தமிழ் விக்கிமூலம், அதாவது தன்னார்வலர்கள் சேர்ந்து இணையத்தில் உருவாக்குகிற இலவச நூலகம். நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள் ஏராளமாக அதில் படமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. கணினி அந்தப் படத்தைப் பார்த்து எழுத்தாக மாற்றும்போது நிறையப் பிழை விடும். ஒருபுறம் எழுத்து, மறுபுறம் பழைய புத்தகத்தின் பக்கம், இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். மெய்ப்பு பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தபின் மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்தபின் பச்சை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் லை, னை எல்லாம் தும்பிக்கை போட்டுத்தானே இருக்கும்? கணினி அங்கே தடுமாறும். இந்தக் காலப் பிள்ளைகளும் கொஞ்சம் தயங்கும். நீங்கள் அந்த எழுத்தில் அரிச்சுவடி படித்த வயது, உங்கள் கண்ணுக்கு அது சாதாரணம். இதற்குச் சாய்ந்து உட்கார டாக்டர் அனுமதித்திருக்க வேண்டும். மகனுடைய மடிக்கணினி வாரக்கடைசியில் கிடைத்தால் வசதி, போனில் கொஞ்சம் சிரமம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும்.

கணக்குத் தொடங்குவது எப்படி, முதல் பக்கத்தை எப்படித் திறப்பது என்று அடுத்த பதிவில் திரையிலேயே காட்டுகிறேன். கரூர் சகோதரி, நீங்கள் சிவப்பிலிருந்து மஞ்சளாக்கும் முதல் பக்கம் எந்தப் புத்தகத்தில் என்று எனக்குக் குரல்பதிவு போடுங்கள். அதைப் பச்சையாக்க நான் வருகிறேன்.