டவுன் பஸ் தூரம்

(காட்பாடியில் நடந்த மூத்த குடிமக்கள் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாக்களுக்கும் ஐயாக்களுக்கும் வணக்கம். மார்பகப் புற்றுநோய் என்று தலைப்பைக் கேட்டதும் தூணோரம் நிற்கிற ஐயாக்கள் சிலர் மெல்ல வாசல் பக்கம் நகர்வது எனக்குத் தெரிகிறது. இருங்கள். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

நம்ம காட்பாடி ஸ்டேஷனில் ஹவுரா பக்கமிருந்து வருகிற வண்டி நிற்கும்போது பார்த்திருப்பீர்கள். ஒன்றரை நாள் உட்கார்ந்து வந்த கால் வீக்கத்தோடு இறங்குவார்கள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் கசங்காமல் பிடித்த எக்ஸ்ரே கவர். அவர்களுக்காகவே நம் காந்தி ரோட்டு லாட்ஜுகளில் வங்காள எழுத்தில் போர்டு தொங்குகிறது. வேலூரில் பிறந்த நமக்கோ அவர்கள் தேடி வருகிற அதே சி.எம்.சி. ஆஸ்பத்திரி டவுன் பஸ் தூரம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி இன்னொரு பஸ் தூரம். ஆனாலும் மார்பில் கட்டியை வைத்துக்கொண்டு ஒரு வருஷம், இரண்டு வருஷம் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறவர்களை என் வேலைக் காலம் முழுக்கப் பார்த்தேன். பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள்தான்.

என் சொந்தச் சின்னம்மாவும் அப்படித்தான். பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமம். பீடி சுற்றுவார். மடியில் முறத்தை வைத்துக் குனிந்தால் நிமிர மாட்டார். எனக்கு அப்போது சுற்று வட்டாரம் முழுக்க வேலை. எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்று கேட்டால் நோட்டைப் பார்க்காமலே சொல்வேன். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எத்தனையோ முறை டீ குடித்திருக்கிறேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அறுபத்தாறு வயதுக்காரியிடம் கேட்க என் நோட்டில் கட்டமே கிடையாதே!

கண்டுபிடித்தது நானும் இல்லை, டாக்டரும் இல்லை. துணி துவைத்த மருமகள். மாமியாரின் ஜாக்கெட்டுக்குள் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, நாலாக மடித்து வைத்த துண்டு ஒன்று இருந்தது. அதில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை. சின்னம்மா தானே துவைத்துத் தானே உலர்த்தி மறைத்து வந்தவர்தான். அன்றைக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கட்டி தோலைப் பிளந்து வெளியே வந்திருந்தது. "ஏன் சின்னம்மா சொல்லலை?" என்றேன். "வலிக்கவே இல்லியே பாப்பா. இன்னாத்துக்கு இந்த வயசுல ஊரு சிரிக்கத் தொறந்து காட்டணும்?" என்றார். அதற்கப்புறம் பதினாலு மாதம் இருந்தார்.

வலிக்கவே இல்லையே என்றாரே, இன்று நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான். பல் வலித்தால் ஓடுகிறோம். முட்டி வலித்தால் தைலம் தேய்க்கிறோம். மார்பகப் புற்றுக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. புளியங்கொட்டை மாதிரி கெட்டியாக, ஓரம் ஒழுங்கில்லாமல், விரலுக்குச் சட்டென்று நழுவாமல் உட்கார்ந்திருக்கும். வலிக்கிற கட்டியையும் காட்ட வேண்டும்தான். ஆனால் வலிக்காத கட்டியைக் கண்டால் அதைவிடச் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.

இரண்டாவது, 'இந்த வயசுல' என்றது. தீட்டு நின்று இருபது வருஷமாச்சு, பால் கொடுத்தது எந்தக் காலத்திலோ, இனிமேல் அங்கே என்ன வரப்போகிறது என்று நினைக்கிறோம். விஷயம் நேர்மாறு. வயது ஏற ஏற இந்த நோய் வருகிற வாய்ப்பும் ஏறுகிறது. நம் நாட்டில் மேல்நாடுகளைவிடச் சுமார் பத்து வருஷம் முன்னதாகவே வருகிறது என்பது உண்மை. அதற்காக, அறுபதைத் தாண்டியவர்கள் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. 2022-க்கான உலக மதிப்பீட்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக வந்தது, சுமார் 98,000 பேர் இறந்தார்கள். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இவ்வளவு குறைந்த இடைவெளி இருப்பதற்குப் பெரிய காரணம், முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வருவது.

இனி ஒரு நல்ல செய்தி. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனைக்காரர்கள் 1998-ல் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரை 1,51,538 பெண்கள். பாதிப் பேரை 2 வருஷத்துக்கு ஒருமுறை, 4 சுற்று, கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள். பரிசோதித்தவர்கள் டாக்டர்கள் இல்லை, பெரிய மெஷினும் இல்லை. என்னை மாதிரிப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் பெண்கள்தான். இருபது வருஷம் பின்தொடர்ந்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். 50 வயதுக்குக் கீழே பெரிய பலன் தெரியவில்லை. 50-க்கு மேற்பட்டவர்களில் இந்த நோயால் இறப்பது கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது! அந்த நாளிதழ்ச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்து நிமிஷ வேலை அது. சின்னம்மா வீட்டுத் திண்ணையில் நான் டீ குடித்த நேரம்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? மாதாமாதம் சடங்கு மாதிரி பயந்து பயந்து தடவிப் பார்க்கச் சொல்லவில்லை. குளிக்கும்போது சோப்பு நுரை இருக்கிறதே, அப்போது நடு மூன்று விரலைத் தட்டையாக வைத்து, சின்னச் சின்ன வட்டமாக, கழுத்தெலும்பிலிருந்து மார்புக்கு அடி மடிப்பு வரை போங்கள். விரல் நுனியால் கிள்ளிப் பார்த்தால் எல்லாமே கட்டி மாதிரிதான் தெரியும். அக்குளை விட்டுவிடாதீர்கள், அங்கேயும் நெறி கட்டும். அப்புறம் ஒரு நிமிஷம் கண்ணாடி முன்னால் கையைத் தூக்கி நில்லுங்கள். தோல் ஓரிடத்தில் குழி விழுகிறதா, சாத்துக்குடித் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகத் தடித்திருக்கிறதா, வெளியே இருந்த காம்பு புதிதாக உள்ளே இழுத்திருக்கிறதா, காம்பில் ரத்தம் கசிகிறதா, ஆறாத சொறி இருக்கிறதா என்று பாருங்கள். சொறிக்குக் களிம்பு தடவித் தடவியே ஆறு மாதம் போக்கியவர்கள் உண்டு. உங்கள் உடம்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போதும், மாறினால் தானே தெரியும்.

ஐயாக்களே, உங்களுக்கும் வரும். மார்பகப் புற்றுநோய் வருகிற நூறு பேரில் சுமார் ஒருவர் ஆண். காம்புக்குப் பின்னால் கட்டி தெரிந்தால் 'ஆம்பளைக்கு ஏது' என்று இருந்துவிடாதீர்கள். அப்புறம், வீட்டம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மகன் லீவு போடட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே கூட்டிப்போங்கள்.

மேமோகிராம் என்றால் சிலர் நடுங்குகிறார்கள். மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்துச் சில நொடி அழுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள், அவ்வளவுதான். அழுத்தும்போது சுருக்கென்று இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அக்குளில் பவுடர் போடாமல் போங்கள், படத்தில் புள்ளியாகத் தெரியும். இளம் வயதில் மார்பின் திசு அடர்த்தியாக இருப்பதால் படத்தில் எல்லாம் வெள்ளையாகத் தெரியும். வயதானால் கொழுப்புத்தான் அதிகம். ஆகவே கட்டி பளிச்சென்று தெரியும். அந்த ஒரு விஷயத்தில் கிழவிகளுக்குத்தான் அதிர்ஷ்டம்!

ஊசி குத்திச் சதை எடுத்தால் பரவிவிடும், கத்தி பட்டால் பரவிவிடும் என்று திண்ணைப் பேச்சு ஒன்று உண்டு. நம் பக்கம் பச்சிலைப் பத்து போடுகிறவர்களுக்கு இந்தப் பேச்சுதான் சோறு போடுகிறது. ஊசி குத்துவதால் நோய் பரவி உயிர் போவதில்லை. குத்தவிடாமல் தள்ளிப்போடும் மாதங்களில்தான் அது பரவுகிறது.

வராமல் தடுக்க முடியுமா என்றால், உத்தரவாதமான வழி எதுவும் கிடையாது. தாய்ப்பால் கொடுத்தது கொஞ்சம் பாதுகாப்பு, அந்தக் கணக்கு நமக்கு முடிந்துபோனது. கையில் இருப்பது எடை. தீட்டு நின்ற பிறகு பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் முக்கியமாக உடம்புக் கொழுப்பிலிருந்துதான் ஊறுகிறது. பல கட்டிகளுக்கு அதுதான் தீனி. அதனால் கோட்டை அகழியைச் சுற்றி நடப்பது சர்க்கரைக்கு மட்டுமான மருந்து இல்லை.

சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மா கதையை வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆண் டாக்டர் தொடக் கூடாது என்று சொன்ன வீடுகளில், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் போனதைப் பார்த்துத்தான் அவர் மருத்துவம் படித்தார். 1918-ல் பெண்களுக்கென்றே இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கினார். நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஊர் முழுக்கப் பெண் டாக்டர்கள் இருக்கிறார்கள். கதவு இன்னும் நம் பக்கத்தில்தான் சாத்தியிருக்கிறது.

ஒரு அம்மா சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "எனக்கு 79. இருதயக் கோளாறு. கண்டுபிடித்து மட்டும் என்ன ஆகப் போகிறது?" நியாயமான கேள்வி. ஒரு தொந்தரவும் இல்லாத 79 வயதில் வருஷா வருஷம் மேமோகிராம் எடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதை உங்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். கட்டி கைக்குத் தட்டுப்பட்டால் அது வேறு. வயதானவர்களுக்கு வருவது பெரும்பாலும் ஹார்மோனை நம்பி வளரும் வகை. மயக்க மருந்து தாங்காத உடம்புக்குத் தினம் ஒரு மாத்திரையாலேயே வருஷக்கணக்கில் அடக்கி வைக்க முடிகிறது. புண்ணாகி, நாற்றமெடுத்து, துணி மடித்து வைக்கிற நிலை வராமல் இருப்பதே பெரிய விஷயம் இல்லையா? செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று வீட்டில் தேடுங்கள், புற்றுநோய்ச் சிகிச்சை அதில் உண்டு. முப்பது வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பைப் பரிசோதிக்கிறார்கள்.

இன்றைக்கே பார்க்க விரும்புகிறவர்களுக்கு மேடைக்கு வலப்பக்க அறையில் இரண்டு செவிலியர்கள் இருக்கிறார்கள், இருவரும் பெண்கள். ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருக்கிறோம். உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று காலையில் நானே போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் இழுத்துத் தள்ள வேண்டும். காபி வருகிறது, குடித்துவிட்டு ஒவ்வொருவராக வாருங்கள்.