ஆறிய புண் மறுபடி திறக்கும் நோய்

வணக்கம். ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி இல்லாமல் வரும் நோய் என்றதும் பலருக்கும் பள்ளிப் பாடம்தான் நினைவுக்கு வரும். பாய்மரக் கப்பல், பல் ஆடும் மாலுமி, கூடவே ஒரு எலுமிச்சம்பழம். பரீட்சையில் இரண்டு மார்க், அத்தோடு மறந்துவிடுவோம். மருத்துவம் படித்த பிறகும் நான் அப்படித்தான் இருந்தேன்.

அப்புறம் ஒரு சிறுவன் வந்தான். ஆறு வயது. நடக்க மாட்டேன் என்கிறான், காலைத் தொட்டாலே அலறுகிறான். மூட்டுவாதமா, ரத்தப் புற்றுநோயா என்று ஸ்கேன் எடுத்தோம், எலும்பு மஜ்ஜைவரை போய்விட்டோம். கடைசியில் வார்டு நர்ஸ்தான் அவன் அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டார்: "தம்பி என்னம்மா சாப்பிடுவான்?" "பாலும் பிஸ்கட்டும்தான் சிஸ்டர். பிஸ்கட் உடைந்திருந்தால் அதையும் தொட மாட்டான்." அவனுக்கு ஆட்டிசம். இரண்டு வருடமாக ஒரு பழத்துண்டுகூட உள்ளே போகவில்லை. வைட்டமின் சி கொடுத்தோம். ஒரு வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். அந்த மஜ்ஜை ஊசியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தோல், ஈறு, எலும்பு, ரத்தக்குழாய்ச் சுவர் எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருப்பது கொலாஜன். மூன்று இழை முறுக்கிய கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி இல்லாவிட்டால் முறுக்கு நிற்காது. பெரும்பாலான விலங்குகள் இந்தச் சத்தைத் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன, நம்மால் முடியாது.

1740இல் ஆன்சன் தலைமையில் கிளம்பிய ஆங்கிலேயக் கப்பல்களில் ஒரு கிழவர் இருந்தார். ஐம்பது வருடங்களுக்கு முன் போரில் பட்டு ஆறிப்போன காயம் அவருக்கு ஸ்கர்வியால் மறுபடி திறந்துகொண்டது. ஐம்பது வருடம்! தழும்பைக்கூட உடம்பு ஓயாமல் பழுது பார்த்துக்கொண்டே இருக்கிறது. சரக்கு வராவிட்டால் வேலை நின்றுவிடுகிறது.

இதைத் தன் உடம்பிலேயே பார்த்தவர் ஜான் கிராண்டன். இவரைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். 1939, பாஸ்டன். இளம் அறுவை மருத்துவர். பழமும் காய்கறியும் இல்லாத சாப்பாட்டில் மாதக்கணக்கில் இருந்தார். மூன்றாம் மாதம் முதுகில் ஒரு வெட்டுப் போட்டுப் பார்த்தார்கள், ஒழுங்காக ஆறியது. கவனியுங்கள், ரத்தத்தில் வைட்டமின் சி தீர்ந்துபோய் வாரக்கணக்கில் ஆகியிருந்தது, ஆனாலும் ஆறியது! ஐந்தாம் மாதவாக்கில் காலில் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள். ஆறாம் மாதம் இன்னொரு வெட்டு. பத்து நாள் கழித்துப் பார்த்தால் மேல்தோல் மூடியிருக்கிறது, உள்ளே ஒட்டவே இல்லை. ஊசி வழியாக வைட்டமின் சி ஏற்றினார்கள். அடுத்த பத்து நாளில் ஆறிவிட்டது.

சரி, இன்றைக்கு யாருக்கு வருகிறது? தனக்கு மட்டும் சமைக்க அலுத்துப்போய் டீயும் ரொட்டியுமாக நாளை ஓட்டும் முதியவருக்கு, குடியில் விழுந்தவருக்கு, டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு, அந்தச் சிறுவனைப் போன்ற குழந்தைகளுக்கு. ஒல்லியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை; குண்டானவருக்கும் வரும். முதலில் வெறும் அசதி, எரிச்சல். பிறகு ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றல், சுருள்கம்பிபோல் வளைந்த முடி. வயது, புகை, மாத்திரை என்று எதையாவது காரணம் சொல்லிவிடுகிறோம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் கேட்பதில்லை. மறுபடி சொல்கிறேன், அதை மட்டும் கேட்பதில்லை. ஸ்கர்வி வராமல் தடுக்க நாளுக்குப் பத்து மில்லிகிராம் போதும். ஒரு ஆரஞ்சிலேயே அதைப்போல் பல மடங்கு இருக்கிறது.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு நிமிடம்தான் என்று ஒரு விரலைக் காட்டுகிறார்கள். சமையலைப் பற்றி நிறைய வைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சத்து தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். 1747இல் ஆரஞ்சும் எலுமிச்சையும் ஸ்கர்வியைத் தீர்க்கும் என்று மாலுமிகளிடம் சோதித்துக் காட்டிய ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவரே, சாற்றைச் சூடாக்கிச் சுண்டவைத்துப் புட்டியில் அடைத்துக் கப்பலில் கொண்டுபோகலாம் என்று எழுதினார். சத்தில் பெரும்பகுதி அடுப்பிலேயே போய்விட்டது. வணக்கம்.