கதையே இல்லாத படமா? மேட் மேக்ஸ் ஃப்யூரி ரோடும் நம்ம பக்கத்துப் படுகளமும்

வணக்கம் மக்களே, வேலூரிலிருந்து பேசுகிறேன். வெயில் தாழட்டும் என்று காத்திருந்து இப்போதுதான் மொட்டை மாடிக்கு வந்தேன். கீழே பஸ் ஹாரன் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு. 2015 மே மாதம் வந்த படம். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இருந்தாலும் பேச்சு வந்தால் ஒரே குறைதான் சொல்கிறார்கள்: "சண்டையெல்லாம் சரி, கதை எங்கே?" முழுக்கதையையும் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். பாலைவனத்தில் ஒரு கொடுங்கோலனிடமிருந்து சில பெண்கள் லாரியில் தப்பி ஓடுகிறார்கள். அவன் படை துரத்துகிறது. தேடிப் போன இடம் அங்கே இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு, துரத்தி வந்தவர்களைத் தாண்டி, கிளம்பிய இடத்துக்கே வருகிறார்கள். போகிறார்கள், வருகிறார்கள். இரண்டு மணி நேரம்.

எனக்கு இது போதும். இந்தப் படத்தில் கதையை யாரும் வாயால் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஒரு ரத்தக் குழாயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் நாயகன் மேக்ஸைப் பிடித்து, எல்லோருக்கும் ரத்தம் கொடுக்கக்கூடியவன் என்று முதுகில் பச்சை குத்துகிறார்கள். நோயாளியான ஒரு வீரனுக்கு ரத்தம் ஏற்றுவதற்காக அவனைக் காரின் முன்பக்கம் கட்டிவைத்து, குழாயைச் செருகியபடியே போருக்குக் கூட்டிப் போகிறார்கள். அவனுக்கு அங்கே பெயர்கூடக் கிடையாது, ரத்தப் பை. நடுவில் அந்த லாரியை ஓட்டும் ஃப்யூரியோசா அவன் பெயரைக் கேட்கும்போதும் அவன் சொல்லமாட்டான். கடைசியில் அவள் சாகக் கிடக்கிறாள். நெஞ்சுக்குள் காற்று அடைத்து மூச்சுவிட முடியவில்லை. விலாவில் கத்தியால் குத்தி அந்தக் காற்றை வெளியேற்றுகிறான். அப்புறம் தன் கையிலேயே ஊசி ஏற்றி அவளுக்கு ரத்தம் கொடுக்கிறான். அப்போதுதான் தன் பெயர் மேக்ஸ் என்று சொல்கிறான். பிடுங்கி எடுத்த ரத்தம் கடைசியில் அவனே கொடுக்கிற ரத்தமாகிவிட்டது. ஒரு மனிதன் எப்படி மாறினான் என்பதைச் சொல்ல அந்தக் குழாய் போதும். சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. யாரோ ஒருவருக்கு ரத்தம் வேண்டும் என்று போன் வராத வீடு இங்கே இருக்கிறதா?

இந்தக் காட்சிகள் இவ்வளவு சரியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இயக்குநர் ஜார்ஜ் மில்லர் ஒரு டாக்டர். சிட்னியில் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். சாலை விபத்தில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனதில் தங்கிப்போனதிலிருந்துதான் 1979இல் முதல் மேட் மேக்ஸை எடுத்தார். ஃப்யூரி ரோடு வந்தபோது அவருக்கு வயது 70. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. வண்டி மோதினால் உடம்புக்கு என்ன ஆகும் என்று தெரிந்த ஒருவர் எடுத்த வண்டிச் சண்டை இது.

தண்ணீர்க் காட்சியும் அப்படித்தான். அந்தக் கொடுங்கோலன் இம்மார்டன் ஜோ மேலே நின்று மதகைத் திறக்கிறான், கீழே ஜனங்கள் பாத்திரத்தோடு முண்டியடிக்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் மூடிவிடுகிறான். பாலாற்றில் மணலை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு, 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனதைப் பார்த்தவர்களுக்கு, அதிகாரம் யார் கையில் என்பது உடனே புரிந்துவிடும். தொடக்கத்தில் மேக்ஸ் குரலில் வரும் அந்த முன்னுரைகூட வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

சரி, நம்ம ஊருக்கு வருகிறேன். பழைய வட ஆற்காடு முழுக்க, செய்யாறு, ஆரணி, ஆற்காடு என்று எந்தப் பக்கம் போனாலும் திரௌபதி அம்மன் கோயில் இருக்கும். அக்னி வசந்த விழா வந்தால் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி விடிய விடியக் கூத்து. அங்கே வந்து "கதை என்ன?" என்று யாராவது கேட்பார்களா? துரியோதனன் தொடையில் அடிபட்டுச் சாவான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துதான் படுகளத்தன்று காலையில் ஊரே வெயிலில் நிற்கிறது. மண்ணால் செய்த அவ்வளவு பெரிய துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள், கூட்டத்துக்குள் பாய்கிறார்கள், ஜனம் விலகி விலகி வழிவிடுகிறது. கடைசியில் தொடையில் கதாயுதம் இறங்குகிறது, உள்ளே வைத்திருந்த சிவப்பு தெறிக்கிறது, திரௌபதி கூந்தலை முடிகிறாள். எது நடக்கும் என்பது தெரிந்த கதைதான். எப்படி நடக்கும் என்று பார்க்கத்தான் அத்தனை பேரும் வந்திருக்கிறார்கள்.

அதே விழாவில் வரும் அர்ச்சுனன் தபசை நினைத்துப் பாருங்கள். இழைத்து நட்ட உயரமான மரம். அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படியாகப் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுகிறார். உச்சிக்குப் போய் எலுமிச்சம்பழம், பூ, விபூதி என்று கீழே போடுகிறார். குழந்தை வேண்டி வந்த பெண்கள் ஈரப்புடவையோடு கீழே காத்திருக்கிறார்கள். ஃப்யூரி ரோடில் ஓடுகிற வண்டிகளின் மேல் நீளக் கம்பங்களை நட்டு, அதன் உச்சியில் ஆட்கள் இப்படியும் அப்படியும் ஆடி வந்து லாரியில் இருக்கிறவர்களைத் தூக்குவார்களே, அதைப் பார்த்ததும் எனக்குத் தபசு மரம்தான் ஞாபகம் வந்தது. ஒரு மனிதன் உயரத்தில் தனியாக நிற்கிறான் என்றால் கீழே இருப்பவன் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பான்.

அந்தக் கம்பங்களின் அடியில் எதிர்ப்பாரம் கட்டி, ஆட்களுக்குப் பல வாரம் பயிற்சி கொடுத்து, வண்டிகள் ஓடும்போதே எடுத்தார்கள். படம் பிடித்தது 2012இல், பெரும்பகுதி நமீபியப் பாலைவனத்தில். ஆஸ்திரேலியாவில் எடுக்கத்தான் திட்டம். அங்கே மழை பெய்து பாலை பச்சையாகிவிட்டது. மில்லர் வசனத்தை நம்பி உட்காராமல் சுமார் 3,500 படங்களாகக் காட்சிகளை வரைந்து வைத்துக்கொண்டார். எடுத்து வந்தது 480 மணி நேரக் காட்சி. அதை இரண்டு மணி நேரமாக வெட்டியவர் அவருடைய மனைவி மார்கரெட் சிக்ஸல். அதற்கு முன் அவர் ஆக்‌ஷன் படமே எடிட் செய்ததில்லை. ஆஸ்கர் வாங்கினார். படத்துக்கு மொத்தம் 6 ஆஸ்கர்.

ஏறக்குறைய 2,700 ஷாட் இருந்தும் தலை சுற்றுவதில்லை. முக்கியமானது எதுவோ அதைத் திரையின் நடுவிலேயே வைத்துப் படம்பிடித்திருக்கிறார் ஒளிப்பதிவாளர் ஜான் சீல். ஷாட் மாறினாலும் கண் தேடி அலைய வேண்டியதில்லை. யார் எந்த வண்டியில், யாருக்கு என்ன வேண்டும், எல்லாம் தெரிகிறது. இப்போது வரும் பல பெரிய படங்களில் எனக்கு ஆதங்கம் இதில்தான். பறக்கிறார்கள், வெடிக்கிறது, நூறு பேர் விழுகிறார்கள், ஆனால் யார் யாரை எங்கிருந்து அடித்தார் என்று தெரியாது. அந்த மாதிரிப் படத்தைப் பார்த்துவிட்டுக் கதை இல்லை என்கிறோம். அங்கே சண்டையே ஒழுங்காக இல்லை என்பதுதான் உண்மை.

ஃப்யூரி ரோடில் கிராஃபிக்ஸே கிடையாது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அது சரியில்லை. சுமார் 2,000 ஷாட்டில் கிராஃபிக்ஸ் வேலை உண்டு. புழுதிப் புயல் கம்ப்யூட்டரில் செய்தது, ஃப்யூரியோசாவின் இடது கையை அழித்ததும் கம்ப்யூட்டரில்தான். ஆட்களைக் கட்டியிருந்த பாதுகாப்புக் கயிறுகளையும் அப்படியே அழித்தார்கள். கயிற்றை மறைக்க முடியும் என்பதால் தாராளமாகக் கட்டலாம். கிராஃபிக்ஸை நான் கும்பிடுவது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு படப்பிடிப்பில் கார் பாய்ந்து கவிழும் காட்சியில் நம்முடைய ஸ்டண்ட் கலைஞர் ஒருவர் உயிரை விட்டார். அந்த வீடியோவை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. ஒரு ஷாட்டுக்காக யாரும் சாகக்கூடாது மக்களே.

ஸ்டண்டுக்கென்று ஆஸ்கர் இவ்வளவு காலம் கிடையாது. 2027இல் வெளியாகும் படங்களிலிருந்துதான் கொடுக்கப்போகிறார்கள். நம் தேசிய விருது அதை 2016ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே கொடுத்துவருகிறது. முதல் ஆள் பீட்டர் ஹெய்ன், புலிமுருகன் படத்துக்காக.

ஃப்யூரி ரோடை இன்னொரு முறை போடுங்கள், அரை மணி நேரம் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுப் பாருங்கள். எந்த இடத்திலாவது புரியாமல் போனால் எனக்கு எழுதுங்கள், அந்த இடத்தையே எடுத்துவைத்து அடுத்த வீடியோவில் பேசலாம். உங்கள் ஊரில் படுகளம் எப்போது என்றும் சொல்லுங்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.