எந்தக் கவுன்ட்டி, எந்தப் பெயர்?

வணக்கம் நேயர்களே. "கோர்ட் காகிதம் தேடி எடுப்பது பற்றிக் கொஞ்ச நேரம் பேசுங்கள்" என்று நிலையத்தார் கேட்டார்கள். சாயங்காலம் காரில் வீடு திரும்புகிறவர்கள் இதைக் கேட்பார்களா, பாட்டுப் போடுகிற வேறு நிலையத்துக்கு மாற்றிவிடுவார்களா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது. கலிபோர்னியாவில் வழக்கறிஞர் அலுவலகங்களில் உதவியாளராக 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். நம்மவர்கள் போன் செய்து நலம் விசாரித்து முடித்தபின், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்பது பெரும்பாலும் இந்த விஷயமாகத்தான் இருக்கும்.

ஒரு போனை மட்டும் சொல்கிறேன். நியூ ஜெர்சியிலிருந்து ஒரு பெண். ஊரில் மறுமணம் செய்துகொண்டார். புதுக் கணவரை அழைத்துவர விண்ணப்பம் போட வேண்டும். முந்தைய திருமணம் சட்டப்படி முடிந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள்.

"அக்கா, என்னோட டிவோர்ஸ் டிக்ரீ வேணும். சர்ட்டிஃபைடு காப்பி."

"கேஸ் நம்பர் இருக்கா?"

"இல்லக்கா. வீடு மாத்தினப்போ எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன். அந்த ஃபைலைப் பார்க்கவே பிடிக்கல."

"சரி, எந்தக் கவுன்ட்டி?"

"கலிபோர்னியாக்கா."

இங்கேதான் எல்லோரும் முட்டிக்கொள்கிறோம். கலிபோர்னியாவுக்கென்று ஒரே கோர்ட் கிடையாது. 58 கவுன்ட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுப்பீரியர் கோர்ட், அதற்குத் தனியாகப் பதிவேடு, தனியாகக் கணினி. டெக்சஸில் 254 கவுன்ட்டி. நாடு முழுக்க எண்ணினால் 3,000-ஐத் தாண்டும். நம் ஊர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தியாவில் இன்று மாவட்டக் கோர்ட் வழக்குக்கு 16 இலக்கத்தில் ஓர் எண் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மூலையிலிருந்தும் ஒரே தளத்தில் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில் கவுன்ட்டிக் கோர்ட்டுகளுக்கு அப்படி நாடு தழுவிய தளம் எதுவும் கிடையாது. பேசர் என்று ஒன்று உண்டே என்பீர்கள். அது கூட்டாட்சிக் கோர்ட்டுகளுக்கானது. திவால் வழக்கு, காப்புரிமை வழக்கு அங்கே கிடைக்கும். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் நின்றுவிட்டால் அதையும் கேட்க மாட்டார்கள். ஆனால் விவாகரத்து, உயில், வாடகைத் தகராறு, அடிதடி, கடன் பாக்கி எல்லாம் பெரும்பாலும் கவுன்ட்டியில்தான் நடக்கும். குடியேற்றக் கோர்ட் இந்த இரண்டிலும் சேராது. அது நீதித்துறை அமைச்சகத்தின் கீழே இருக்கிறது.

கோர்ட்டின் பெயர்கூட மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இல்லினாயில் சர்க்யூட் கோர்ட். பென்சில்வேனியாவில் காமன் ப்ளீஸ். அங்கே சிவில் ஃபைல்களை வைத்திருக்கிற அதிகாரிக்குப் பல கவுன்ட்டிகளில் 'ப்ரோதானட்டரி' என்று, வாயில் நுழையாத பெயர். நியூயார்க்கில் விவாகரத்து நடக்கிற கோர்ட்டுக்குப் பெயர் சுப்ரீம் கோர்ட். எனக்குத் தெரிந்த ஒரு பையன், "சுப்ரீம் கோர்ட்ல கேஸ் போட்டிருக்கேம்மா" என்று ஊருக்குப் போனில் சொல்லிவைக்க, டெல்லி வரைக்கும் போய்விட்டதாக்கும் என்று அந்த அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். அது சாதாரண விசாரணைக் கோர்ட்தான். ஃபைல் இருப்பது கவுன்ட்டி கிளார்க்கிடம்.

அந்தப் பெண்ணிடம் திரும்ப வருகிறேன். "எங்கே குடியிருந்தீங்க?" என்று கேட்டேன். வேலை சான் ஹோசேயில், வீடு ஃப்ரீமான்ட்டில். சான் ஹோசே சான்ட்டா கிளாரா கவுன்ட்டி. ஃப்ரீமான்ட் அலமீடா கவுன்ட்டி. நடுவே மில்பிட்டாஸ் என்று ஓர் ஊர், அவ்வளவுதான். ஆனால் தப்பான கவுன்ட்டியில் தேடினால், அப்படி ஒரு திருமணம் முறிந்ததற்கே தடயம் இல்லாதது மாதிரி வெறும் திரை வரும். கணவனோ மனைவியோ மனு போடுவதற்கு முந்தைய மூன்று மாதம் எந்தக் கவுன்ட்டியில் வசித்தார்களோ, அங்கே போடலாம் என்பது கலிபோர்னியா விதி. ஆகவே முதல் கேள்வி, மனு போட்டது யார், அப்போது அவர் எங்கே இருந்தார்? "அவர்தான் போட்டார். அப்போ அவர் தனியா வீடு எடுத்துட்டுப் போயிட்டார்." எந்த ஊருக்கு? சன்னிவேல். அப்படியானால் சான்ட்டா கிளாரா.

அங்கே அந்தப் பெண்ணின் இப்போதைய பெயரைப் போட்டுத் தேடினேன். இல்லை.

நேயர்களே, இதற்காகவே நான் இன்று வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பெயர்கள் இந்த நாட்டுப் பதிவேடுகளில் படுகிற பாடு கொஞ்சமல்ல. நமக்குக் குடும்பப் பெயர் என்று பெரும்பாலும் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். விமானம் ஏறுவதற்கு முன்னால் பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிந்து அப்பா பெயராகும். இங்கே இறங்கியதும் அதுவே 'லாஸ்ட் நேம்' ஆகிவிடும். கல்யாணமான பெண்ணுக்கு அந்த இடத்தில் கணவர் பெயர் வந்து உட்காரும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயராக, அதுவும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் மட்டும் இருந்தால், விசாவில் முதல் பெயர் தெரியாது என்பதற்கான எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்து ஏறிவிடும். அதையே ஓட்டுநர் உரிமத்திலும் சுமக்கிறவர்கள் இருக்கிறார்கள். கோர்ட்டில் கிளார்க், மனுவில் இருப்பதை இருந்தபடி பதிவார். அவருக்கு எது ஊர்ப்பெயர், எது அப்பா பெயர் என்று எப்படித் தெரியும்?

ஆகவே தேடும்போது பெயரை முன்னும் பின்னும் மாற்றிப் போடுங்கள். அப்பா பெயரை வைத்து, கணவர் பெயரை வைத்து, முதலெழுத்தை மட்டும் வைத்துத் தேடுங்கள். எழுத்துக்கூட்டலையும் மாற்றுங்கள். சுப்ரமணியன் 'எம்'மில் முடியலாம், 'என்'னில் முடியலாம். சில தளங்களில் ஒலி ஒத்த பெயர்களையும் காட்டு என்று ஒரு வசதி உண்டு. இதற்குப் பேர்போன பழைய முறை சவுண்டெக்ஸ். 1918-ல் காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைக் கழித்துவிட்டு, மற்ற மெய்யெழுத்துகளை மூன்று எண்களாக்கிவிடும். ஆங்கிலப் பெயர்களுக்கென்று செய்தது. நம்முடைய 'ழ'விடம் வந்து இடறி விழும். தமிழ்ச்செல்வன் என்ற பெயரை 'எல்' போட்டு எழுதினால் டி-542. 'இசட்-எச்' போட்டு எழுதினால் டி-524. ஒரே ஆள், கணினிக்கு இரண்டு பேர். சிறப்பு ழகரம் என்று பள்ளியில் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கோர்ட் தேடலில் அதன் சிறப்பு இதுதான்.

அந்தப் பெண் இப்போது அப்பா பெயருக்குத் திரும்பிவிட்டார். வழக்கு நடந்தபோது கணவர் பெயர்தான் கடைசிப் பெயர். அதைப் போட்டதும் வழக்கு எண் வந்து நின்றது. சரி, கையோடு டிக்ரீயை இறக்கிக்கொள்ளலாமே என்றால், முடியாது.

ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். கோர்ட் ஆவணத்தைப் பார்ப்பதும் படியெடுப்பதும் பொதுமக்களின் பொதுவான உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978-ல், அதிபர் நிக்சனின் ஒலிநாடாக்கள் சம்பந்தப்பட்ட வழக்கில் சொல்லியிருக்கிறது. எல்லையில்லாத உரிமை அல்ல என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. கலிபோர்னியா விதிகள் ஒரு நடுவழி பிடித்திருக்கின்றன. சாதாரண சிவில் வழக்குக் காகிதங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். குடும்ப வழக்கு, குற்ற வழக்கு, மனநலம், காப்பாளர் நியமனம் போன்றவற்றில் வழக்கின் நடவடிக்கைப் பட்டியல் இணையத்தில் தெரியலாம். பொதுமக்களுக்குத் திறந்த காகிதமாகவே இருந்தாலும், அதைப் பார்க்கக் கோர்ட்டுக்கு நேரில் போய், அங்கே இருக்கிற கணினி முன்னால் உட்கார வேண்டும். சிறார் வழக்குகள் பொதுவாக யாருக்கும் திறப்பதில்லை. அதாவது, காகிதத்தைப் பூட்டவில்லை. ஆனால் பார்க்க ஆசைப்படுகிறவரைக் கொஞ்சம் நடக்க வைக்கிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் விவாகரத்தை நள்ளிரவில் படுக்கையில் படுத்தபடி படிக்கிறவன் வேறு, அரை நாள் லீவு போட்டு, வண்டி நிறுத்த இடம் தேடி, பாதுகாப்புச் சோதனையில் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் போய்ப் படிக்கிறவன் வேறு. நியூயார்க் இன்னும் கறார். அங்கே விவாகரத்து ஃபைலை சம்பந்தப்பட்டவர்களுக்கும் அவர்களுடைய வக்கீலுக்கும்தான் காட்டுவார்கள். மற்றவர்கள் 100 வருடம் காத்திருக்க வேண்டும்.

திறந்து வைத்தால் என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸ் நகரைச் சொல்வேன். 1846 ஏப்ரலில் ட்ரெட் ஸ்காட், ஹாரியெட் ஸ்காட் என்ற அடிமைத் தம்பதி அங்கே சர்க்யூட் கோர்ட்டில் தங்களுக்கு விடுதலை கேட்டு மனு கொடுத்தார்கள். எழுதத் தெரியாத ட்ரெட் ஸ்காட் கையெழுத்துக்குப் பதில் ஒரு குறி போட்டார். 1850-ல் அந்தக் கோர்ட்டின் ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1852-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. 1857-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம், கறுப்பின மக்கள் குடிமக்களே ஆக முடியாது என்றது. இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இல்லாதது அந்தக் கோர்ட்டின் பழைய கட்டுகளில் கிடந்தது. 1990-களில் உட்கார்ந்து தூசி தட்டிப் பிரித்தபோது, அதே மாதிரி விடுதலை கேட்ட சுமார் 300 வழக்குகள் வெளியே வந்தன. பல மனுக்கள் பெண்கள் போட்டவை. ஏனென்றால் தாய் சுதந்திரமானவள் என்று நிரூபித்தால் பிள்ளைகளும் சுதந்திரம். இன்று அந்தக் காகிதங்களை ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். அந்த மனிதர்கள் இந்தப் பூமியில் இருந்தார்கள் என்பதற்கு, ஏதோ ஒரு குமாஸ்தா மடித்துக் கட்டி வைத்த அந்தக் கட்டைத் தவிர வேறு சாட்சி அதிகம் இல்லை.

எல்லாக் கட்டும் அப்படிப் பிழைப்பதில்லை. 1871-ல் சிக்காகோ தீயில் குக் கவுன்ட்டியின் கோர்ட் கட்டடத்தோடு ஆவணங்களும் சாம்பலாயின. தீ வேண்டாம், சட்டமே அழிக்க அனுமதிக்கிறது. கலிபோர்னியாவில் சாதாரண சிவில் வழக்கு ஃபைலைப் பொதுவாக 10 வருடம், சிறு குற்ற வழக்கை 5 வருடம் வைத்திருந்தால் போதும். இது குடியுரிமைக்கு மனு போடும் நம்மவர்களுக்கு முக்கியம். எப்போதோ கைதாகி, வழக்கு தள்ளுபடியே ஆகியிருந்தாலும், குடியேற்ற அதிகாரி அதன் முடிவைக் காட்டும் சான்றிட்ட கோர்ட் காகிதம் கேட்பார். கோர்ட்டில் அழித்துவிட்டார்கள் என்றால், ஃபைல் இல்லை என்று அவர்களிடமே ஒரு கடிதம் எழுதி வாங்க வேண்டும். தள்ளுபடியான அன்றே ஒரு நகல் வாங்கி வீட்டில் வைத்துவிட்டால் இந்த அலைச்சல் இல்லை.

உயில் பற்றியும் ஒரு வார்த்தை. இறந்தவரின் உயிலைக் கோர்ட்டில் கொடுத்துவிட்டால் அது பொது ஆவணம். யாருக்கு எவ்வளவு, எந்தப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, எல்லாம் யாரும் படிக்கலாம். இங்கே பலர் உயிலோடு நிறுத்தாமல், சொத்தை ஒருவர் பொறுப்பில் ஒப்படைக்கிற டிரஸ்ட் எழுதி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காசு விஷயம். கோர்ட்டில் உட்கார்ந்து பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. கலிபோர்னியாவில் நகலுக்குப் பக்கம் 50 சென்ட். கிளார்க் 10 நிமிடத்துக்கு மேல் தேட வேண்டியிருந்தால் 15 டாலர். முத்திரை போட்ட சான்றிட்ட நகலுக்குத் தனிக் கட்டணம். பெயரைத் தட்டினாலே முதல் வரிசையில் வந்து நின்று மாதச் சந்தா கேட்கும் தனியார் தளங்களிடம் ஏமாறாதீர்கள். விஸ்கான்சின், மேரிலாண்ட் போன்ற மாநிலங்களில் வழக்குத் தேடலை அரசே இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. தனியார் தளத்தில் கிடைப்பது முத்திரை இல்லாத விவரம். எந்த அலுவலகமும் அதை ஏற்காது.

கவுன்ட்டருக்குப் போனால், "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்காதீர்கள். சட்ட ஆலோசனை சொல்லக் கிளார்க்குக்கு அனுமதி இல்லை. "இந்த எண் ஃபைலில் தீர்ப்பு நகல் வேண்டும், எந்தப் படிவம்?" என்று கேளுங்கள். ஓடி வந்து உதவுவார்கள்.

நியூ ஜெர்சிப் பெண்ணால் நேரில் வர முடியாது. தபாலில் எழுதச் சொன்னேன். வழக்கு எண், இரண்டு பேர் பெயர், எந்தக் காகிதம், எத்தனை நகல், தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறை. இதில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. சரியான தொகை தெரியாதபோது செக்கில் தொகையை எழுதாமல் விட்டு, 'இத்தனை டாலருக்கு மேற்படக் கூடாது' என்று அதன் முகத்திலேயே எழுதி அனுப்பலாம். ஆகிற செலவைக் கிளார்க் நிரப்பிக்கொள்வார். ஏற்றுக்கொள்வார்களா என்று முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். வக்கீல் அலுவலகங்களில் நாங்கள் காலம் காலமாகச் செய்வது அது.

உறை வந்து சேர்ந்த அன்று அவர் போன் செய்தார். முத்திரை இருக்கிறது, தேதி இருக்கிறது, எல்லாம் சரி. பிறகு குரல் இறங்கியது.

"அக்கா, அப்ப இந்த ஃபைலை யார் வேணும்னாலும் போய்ப் பார்க்கலாமா?"

"பார்க்கலாம்மா. கோர்ட்டுக்கு வந்தா பார்க்கலாம்."

"நான் எழுதிக் கொடுத்ததெல்லாம் அதுல இருக்குமே."

"இருக்கும்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர், "பழைய பெயர்லதானே தேடணும்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை உயர்த்திக் காட்டுகிறார்கள், நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.