குட்டிகளோடு சிங்கப்பூர்: இடப்பட்டியலுக்கு முன்னால் கடிகாரம்

[திரையில்: இரண்டு கடிகாரங்கள். சென்னையில் காலை 7.00, சிங்கப்பூரில் காலை 9.30.]

வணக்கம். சிங்கப்பூர் போகிறோம் என்று முடிவானதும் எல்லா வீட்டிலும் முதலில் நடப்பது, பார்க்க வேண்டிய இடங்களுக்குப் பட்டியல் போடுவதுதான். வீட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் அந்தப் பட்டியலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம்.

இந்திய நேரத்தைவிட சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. ஊரில் காலை 7 மணிக்கு எழும் குழந்தை, அங்கே முதல் இரண்டு நாளாவது 9.30 வரை தூங்கும். ஊரில் இரவு 9 மணிக்குத் தூங்கும் குழந்தை, அங்கே பதினொன்றரை வரை கொட்டக் கொட்ட விழித்திருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. சிங்கப்பூர் இருப்பது ஏறக்குறைய 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில். ஆனால் 1982 முதல் அந்த ஊர் வைத்திருக்கும் நேரம் 120 பாகைக்கு உரியது. அதனால் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, கிட்டத்தட்ட 1 மணிக்கு. நிலநடுக்கோடு பக்கத்திலேயே இருப்பதால் ஆண்டு முழுக்க காலை ஏழு வாக்கில் விடியும், மாலை ஏழு வாக்கில் இருட்டும். வெயில் கடுமையாக இருப்பது 11 மணியிலிருந்து 4 மணி வரை.

[திரையில்: ஒரு நாளைக் காட்டும் பட்டை. 11 முதல் 4 வரை சிவப்பு.]

“சென்னைக்காரர்களுக்கு வெயிலைப் பற்றிப் பாடமா?” என்று கேட்பீர்கள். நியாயம்தான். அங்கே பகலில் 31, 32 டிகிரிதான், நம் மே மாதத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அங்கே அது லேசில் காயாது. ஊரில் நாம் மதியம் 1 மணிக்குக் குழந்தையைத் தெருவில் மூன்று கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப்போவதும் இல்லையே. சுற்றுலாவில் அதைத்தான் செய்கிறோம்.

ஆக, நாளை மூன்றாக மடியுங்கள். காலையில் வெளியே ஒரு இடம். மதியம் அறைக்குத் திரும்பித் தூக்கம், இல்லாவிட்டால் ஏசி உள்ள இடம். மாலையிலிருந்து இரவு வரை இன்னொரு இடம். ஒரு நாளைக்கு இரண்டுதான். மூன்றாவதைச் சேர்த்தால் அன்றைக்கு அழுகை நிச்சயம், குழந்தையோ நீங்களோ.

[திரையில்: விமான நேர அட்டவணை.]

விமானத்திலும் இதே கணக்குதான். சென்னையிலிருந்து ஏறக்குறைய நாலு, நாலரை மணி நேரப் பயணம். இரவு கிளம்பி விடிகாலையில் இறங்கும் விமானத்தில் ஒரு நாள் மிச்சம் என்று தோன்றும். மிச்சமாகாது. நாலு மணி நேரத் தூக்கத்தோடு குழந்தை காலை 6 மணிக்கு இறங்கும். ஹோட்டல் அறை கிடைப்பதோ பெரும்பாலும் 2 அல்லது 3 மணிக்கு. கொஞ்சம் கூடுதல் கட்டணம் என்றாலும் பகல் விமானம்தான் என் தேர்வு. இரவு விமானம்தான் கிடைத்தது என்றால், சீக்கிரமே அறை தருவார்களா என்று ஹோட்டலுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

அறை எங்கே எடுப்பது? நான் லிட்டில் இந்தியா பக்கம் சொல்வேன். இட்லி கிடைக்கும் என்பது மட்டும் காரணமில்லை. அந்த நிலையத்தில் இரண்டு ரயில் தடங்கள் சந்திக்கின்றன. டவுன்டவுன் தடத்தில் ஒரு பக்கம் போனால் தாவரவியல் பூங்கா. எதிர்ப்பக்கம் போனால் பேஃபிரன்ட், அதாவது கார்டன்ஸ் பை த பே என்ற பெரிய பூங்கா. வடகிழக்குத் தடத்தில் ஏறினால் ஹார்பர்ஃபிரன்ட், அங்கிருந்து செந்தோசா என்ற பொழுதுபோக்குத் தீவு. இந்த மூன்று நிலையங்களுக்கும் போக நடுவில் ரயில் மாற வேண்டியதில்லை. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் மாறியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

[திரையில்: ரயில் வரைபடம். லிட்டில் இந்தியாவிலிருந்து மூன்று கோடுகள் ஒளிர்கின்றன.]

எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு, நடைபாதை சமதளம். ஊரில் ஸ்ட்ரோலர் பரணில் கிடந்தாலும் இந்தப் பயணத்துக்கு எடுங்கள், எளிதாக மடிவதாக இருக்கட்டும். வெயில் படாமல் இருக்க அதன் மேல் துணியைப் போர்த்தாதீர்கள். காற்று நின்று உள்ளே சூடு ஏறிவிடும். வெளியே நடக்கும் நமக்கு அது தெரியாது.

0.9 மீட்டர் உயரத்துக்குள் இருக்கும் குழந்தை பெரியவர்களோடு வந்தால் ரயிலிலும் பேருந்திலும் கட்டணம் இல்லை. அதைவிட உயரமாக, ஆனால் 7 வயதுக்குள் இருந்தால் இலவசப் பயணத்துக்குத் தனி அட்டை இருக்கிறது. பாஸ்போர்ட்டோடு போய் டிக்கெட் அலுவலகத்தில் கேளுங்கள். வாடகைக் காரில் ஒரு விஷயம்: 1.35 மீட்டருக்குக் குறைவான குழந்தைக்கு உரிய இருக்கை கட்டாயம். சாதாரண டாக்ஸிக்கு இதில் விலக்கு உண்டு. செயலியில் கூப்பிடும் தனியார் காருக்குக் கிடையாது.

அப்புறம், ரயிலுக்குள் சாப்பிடவும் குடிக்கவும் தடை. தண்ணீரும் சேர்த்துத்தான். அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகலாம். அழுகிற பிள்ளைக்கு பிஸ்கட் நீட்டுவது நம் கை தானாகச் செய்யும் வேலை, அதனால் ஏறுவதற்கு முன்பே ஊட்டிவிடுங்கள்.

[திரையில்: மரங்களுக்கு நடுவே ஓடும் டிராம் வண்டி. இரவு.]

இப்போது இடங்களுக்கு வருவோம். முதல் இரண்டு நாள் குழந்தை இரவில் தூங்காது என்றேனே, அதோடு மல்லுக்கட்டாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மண்டாயில் உள்ள நைட் சஃபாரி, 1994-ல் திறந்தது, இரவுக்கென்றே அமைத்த உலகின் முதல் விலங்குக்காட்சி சாலை. மாலை 7 மணிக்கு மேல்தான் திறப்பார்கள். மற்ற ஊர்க் குழந்தைகள் கண்ணைக் கசக்கும் நேரத்தில் நம் பிள்ளைக்கு மணி ஆறு! டிராமில் உட்கார்ந்தபடியே பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். நுழைவு நேரத்தோடு முன்பதிவு செய்துவிடுங்கள். கார்டன்ஸ் பை த பேயில் மரம் போலக் கட்டிய உயரமான கோபுரங்களான பெருமரங்களின் ஒளி-ஒலிக் காட்சியும் இரவில்தான், 7.45க்கும் 8.45க்கும், இலவசம்.

பக்கத்திலேயே இருக்கும் பகல்நேர விலங்குக்காட்சி சாலையைக் கடைசி நாட்களுக்குத் தள்ளுங்கள். அதற்குள் குழந்தை உள்ளூர் நேரத்துக்கு வந்திருக்கும், காலை 8.30க்குத் திறக்கும்போதே உள்ளே போய்விடலாம். பகலும் இரவும் ஒரே நாளில் மண்டாய் என்று திட்டம் போடுபவர்கள் உண்டு. பெரிய பிள்ளைகள் என்றால் சரி. மூன்று வயதுக்கு வேண்டாம்.

காலை நேரத்துக்கு எனக்கு மிகவும் பிடித்தது தாவரவியல் பூங்கா. 1859-ல் அமைத்தது, 2015-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, அனுமதி இலவசம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஓரத்தில் ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டம் இருக்கிறது. குழந்தை இல்லாத பெரியவர்களை அங்கே உள்ளே விடுவதில்லை! தண்ணீர் விளையாட்டு வேண்டும் என்றால் கார்டன்ஸ் பை த பேயிலும் ஒரு சிறுவர் தோட்டம், அதுவும் இலவசம். மாற்றுத் துணி கட்டாயம். இரண்டுக்கும் திங்கட்கிழமை பொதுவாக விடுமுறை.

மதியம் அறைக்குத் திரும்ப முடியாத நாளில் கார்டன்ஸ் பை த பேயில் உள்ள கிளவுட் ஃபாரஸ்ட்டுக்குப் போங்கள். கண்ணாடிக் கூரைக்குள் 35 மீட்டர் அருவி, மலைக்காட்டின் குளிர். வியர்வையோடு உள்ளே போகும் குழந்தைக்கு மெல்லிய முழுக்கைச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். பேரங்காடிகளுக்கும் இது பொருந்தும்.

[திரையில்: திடீர் மழை. கூரை போட்ட நடைபாதையில் ஒதுங்கும் கூட்டம்.]

மழை எந்த மாதமும் வரும். டிசம்பர், ஜனவரியில் நாள் முழுக்கப் பெய்யக்கூடும். நம் கோடை விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலும் பிற்பகல் இடிமழைதான், கொட்டித் தீர்த்துவிட்டு நின்றுவிடும். மின்னல் மிக அதிகமாக விழும் ஊர்களில் இதுவும் ஒன்று. இடி கேட்டால் நீச்சல் குளத்திலிருந்து எல்லோரையும் ஏற்றிவிடுவார்கள், குழந்தை எவ்வளவு அழுதாலும். ஜூன் மாதம் அங்கே பள்ளி விடுமுறை, எல்லா இடத்திலும் கூட்டம். மே முதல் பாதி நமக்கு வசதி.

டெங்கு அங்கேயும் உண்டு. அந்தக் கொசு பகலில் கடிப்பது, அதனால் காலைப் பூங்காவுக்குப் போகும்போதே விரட்டி மருந்து பூச வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு மருந்து வேண்டாம், வலை போதும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்க்ரீனும் தவிர்த்து, நிழலையே நம்புங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சென்டரில் தோசையும் பரோட்டாவும் கிடைக்கும். செரங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947 முதல் இருக்கிறது. உணவங்காடியில் மேசை மேல் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் ஆள் பிடித்துவைத்த இடம் என்று பொருள். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 முதல் அது சட்டம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

பெட்டி கட்டும் பாட்டிமார்களுக்கு ஒரு வார்த்தை: கசகசாவுக்கு அங்கே தடை. கசகசா சேர்த்து அரைத்த மசாலாப் பொடியை வைக்காதீர்கள். சூயிங்கமும் வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா முன்கூட்டியே வேண்டும். வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், குழந்தைக்கும் தனியாக. அது இலவசம், பணம் கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள்.

[திரையில்: ஜுவல் கட்டடத்தின் அருவி.]

கிளம்பும் நாளுக்கு வேறு எதுவும் போட வேண்டாம். சாங்கி விமான நிலையத்தில் 40 மீட்டர் உள்ளரங்க அருவி இருக்கும் ஜுவல் கட்டடம், இமிக்ரேஷனுக்கு வெளியே இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டால் அருவி போச்சு. பெட்டிகளை முன்னதாகவே ஒப்படைக்க முடியுமா என்று கேளுங்கள். கையை வீசிக்கொண்டு ஜுவலைச் சுற்றிவிட்டு, குழந்தைக்குச் சாப்பாடும் கொடுத்துவிட்டு, அப்புறம் உள்ளே போங்கள்.