யன்னல் ரோலருக்குப் பூட்டு கீழே இல்லை, மேலே இருக்கிறது!

[காட்சி: இறக்கிவிட்ட யன்னல் ரோலர். அடிப்பட்டிக்குக் கீழே நுழையும் இரண்டு கைகள்.]

வணக்கம் உறவுகளே. வீடியோவுக்குள்ளே போக முதல் உங்களுக்கு ஒரு வேலை. வீட்டு யன்னலில் சுருட்டி ஏற்றுகிற ரோலர் மறைப்பு இருந்தால் அதை முழுசாக இறக்கிவிட்டு வெளியே போங்கள். அடிப்பட்டிக்குக் கீழே விரல்களைக் கொடுத்து மேலே தூக்குங்கள். கொஞ்சம் அசைந்து, பிறகு கல்லு மாதிரி நின்றால் நல்லது. அது பாட்டுக்கு நெஞ்சு மட்டத்துக்கு ஏறிவிட்டால், நீங்கள் காசு கொடுத்து வாங்கியது வெயில் மறைப்பு மட்டும்தான். கள்ளனுக்குப் பூட்டை உடைக்கிற வேலைகூட இல்லை.

தூக்கிப் பார்த்துவிட்டு முடிவைக் கீழே கொமென்டில் போடுங்கள். ஆனால் வீட்டு விலாசத்தை மட்டும் போடாதீர்கள்!

சரி, ரோலர் என்றால் என்ன? வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றோடொன்று கொளுவிய நீளமான பட்டிகள், அவை ஓட இரண்டு பக்கமும் சனல் (பட்டியின் நுனி ஓடும் தவாளிப்பு), மேலே ஒரு பெட்டி, பெட்டிக்குள்ளே பட்டிகள் சுருளும் ஒரு குழாய். ஜேர்மனியில் வெயிலுக்கும் குளிருக்கும் வெளிச்சத்துக்கும் என்று வீட்டுக்கு வீடு இது இருக்கும். அங்கே இருக்கும் எங்கள் சொந்தங்கள் ஊரில் வீடு கட்டும்போது அதையே இங்கேயும் பூட்டச் சொல்கிறார்கள். கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் புது மாடி வீடுகளை அண்ணாந்து பார்த்தால் யன்னலுக்கு மேலே அந்தப் பெட்டி தெரியும். அவ்வளவுதான், கதைக்கு வருவோம்.

யன்னல் ரோலரைப் பார்த்தவுடன் எல்லோரும் நினைப்பது கடை ரோலரைத்தான். ஏ9 வீதியோரக் கடைகளில் இருக்கிறதே, காலையில் கடகடவென்று மேலே போகும், இரவில் கீழே இழுத்து ஆமைப்பூட்டுப் போடுவார்கள். அதனால் யன்னலுக்கும் கீழேதான் பூட்டு வேண்டும் என்று நினைக்கிறோம். பரந்தனில் ஒரு வெல்டிங் கடைப் பாஸ் எனக்குச் சொன்னது இது: "தம்பி, கீழ ரெண்டு பக்கமும் தாழ்ப்பாள் வச்சுத் தாறன், பிறகு ஆர் தூக்கிறது?" தாழ்ப்பாள் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் யன்னல் ரோலரின் உண்மையான பூட்டு இருக்கிற இடம் பெட்டிக்குள்ளே, குழாயும் முதல் பட்டியும் சேரும் இடத்தில். அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம். இந்த வீடியோவில் எனக்கு ஆகப் பிடித்த பகுதியும் அதுதான்.

அதற்கு முதல், அது ஏன் தேவை என்று பார்க்க வேண்டும். நுரை அடைத்த மெல்லிய அலுமினியப் பட்டி ஒரு சதுர மீற்றருக்குச் சுமார் 3 கிலோதான் வரும். நாலடிக்கு நாலடி யன்னல் என்றால் முழுத் திரையும் 5 கிலோவைத் தாண்டாது. வெறும் பாரத்தை நம்பி இருந்தால் பத்து வயதுப் பிள்ளையும் தூக்கும்.

நாடாவால் இழுக்கும் ரோலரில் இன்னொரு கூத்து இருக்கிறது. சுவரில் உள்ள பெட்டிக்குள் நாடாவைச் சுருட்டிக்கொள்ள ஒரு சுருள்வில் வைத்திருப்பார்கள். நீங்கள் உள்ளே இருந்து இழுத்து ஏற்றும்போது, வெளியே வருகிற நாடாவை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். இப்போது வெளியே இருந்து ஒருவன் தூக்குகிறான் என்று வையுங்கள். நாடா தொய்கிறது, வில் அதை உடனே சுருட்டிக்கொள்கிறது, குழாயும் கூடவே சுற்றுகிறது. அதாவது உங்கள் வீட்டு வில்லே கள்ளனுக்கு ஒரு கை கொடுக்கிறது! அவன் கையை விட்டாலும் திரை கீழே வராது, ஏனென்றால் நாடாவைப் பிடித்து வைக்கிற கவ்வியும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது. இது முதல்முதல் விளங்கியபோது எனக்குத் தலை சுற்றியது.

[காட்சி: மேசையில் எட்டு மூலைக் குழாய். பக்கத்தில் ஒரு மெல்லிய எஃகுத் தகடு, ஒரு மூட்டு இணைப்பு.]

இப்போது மேசையைப் பாருங்கள். இது குழாய். வட்டம் இல்லை, எட்டு மூலை. யன்னல்களுக்கு அதிகம் வருவது 60 மில்லிமீற்றர் குழாய், சின்னதுக்கு 40. இந்தக் குழாயில் பட்டிகளைத் தொங்கவிட இரண்டு வழி இருக்கிறது.

முதலாவது, இந்த மெல்லிய எஃகுத் தகடு. பிடித்து ஆட்டினால் நெளிகிறது, பாருங்கள். ஒரு நுனி குழாயின் துவாரத்தில் கொளுவும், மறு நுனி மேல் பட்டியில் மாட்டும். விலை குறைவு, சாதாரண ரோலர்களில் இதுதான் வரும். இதால் இழுக்க முடியும், தள்ள முடியாது. கீழே இருந்து திரையை ஏற்றினால் தகடு வளைந்து இடம் விட்டுவிடும்.

இரண்டாவது, இது. மூட்டு இணைப்பு. கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் பெரிசாகத் தெரியாது. இரண்டு மூன்று துண்டுகள், நடுவிலே பிணைச்சல். இந்த வளையம் குழாயில் 'டக்' என்று ஏறி உட்காரும், திருகாணி தேவையில்லை. இந்த நுனி மேல் பட்டியின் தவாளிப்புக்குள் வழுக்கிப் போகும். இனிக் கவனமாகப் பாருங்கள். இந்தப் பக்கம் மடக்குகிறேன், மடங்குகிறது, குழாயைச் சுற்றி அழகாகப் படிகிறது. மறுபக்கம் மடக்குகிறேன்... மடங்காது. எவ்வளவு பலம் கொடுத்தாலும் மடங்காது. இந்த 'மடங்காது'தான் முழுப் பூட்டும்!

திரை ஏறும்போது இது குழாயைச் சுற்றிப் படுத்துக்கொள்ளும். திரை முழுசாக இறங்கிய பிறகு குழாய் இன்னும் கொஞ்சம் சுற்றும். அந்தக் கொஞ்சத்தில் இணைப்பு விரிந்து, மேல் பட்டியின் தலையில் நட்டுக்கு நிற்கும்.

எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் இரவில் கதவைச் சாத்திவிட்டு உலக்கையை எடுத்து முண்டு கொடுப்பார்களே, ஒரு நுனி நிலத்தில், மறு நுனி கதவுப் பலகையில். கதவில் பூட்டே இருக்காது. ஆனால் வெளியே இருந்து தள்ளுகிறவன் கதவைத் தள்ளவில்லை, உலக்கை வழியாக நிலத்தைத் தள்ளுகிறான். நிலம் எங்கே அசையப் போகிறது? ரோலருக்குள் நடப்பதும் அதேதான், தலைகீழாக. இங்கே முண்டு மேலே இருந்து கீழே நிற்கிறது. தூக்குகிறவனின் பலம் பட்டி பட்டியாக ஏறி, இணைப்பு வழியாகக் குழாயில் போய் முட்டுகிறது. உலக்கைக்கு நிலம் எப்படியோ இதற்குக் குழாய் அப்படி. ஆகவே குழாய் சுற்றக் கூடாது. உலக்கையை இரவு இரவாக ஒருவர் எடுத்து வைக்க வேண்டும், மறந்தால் போச்சு. இது தானாக எழும்பி நிற்கிறது, காலையில் தானாகப் படுத்துக்கொள்கிறது. திறப்பு இல்லை, கொளுக்கி இல்லை, வெளியே இருந்து பார்த்தால் ஒரு அடையாளமும் இல்லை. இதை யோசித்துக் கண்டுபிடித்த ஆளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

[காட்சி: குழாயை மெல்லச் சுற்றுகிறோம். இணைப்பு விரிந்து நிற்பது கிட்டத்தில்.]

குழாயைச் சுற்றாமல் பிடிப்பது யார்? மோட்டர் ரோலரில் மோட்டர் குழாய்க்குள்ளேயே இருக்கும், அதற்குள் ஒரு பிரேக் உண்டு. உடனே ஒரு கேள்வி வரும்: கரண்ட் போனால் பூட்டும் போய்விடுமா? 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டைப் பார்த்த நாட்டில் கேட்க வேண்டிய கேள்விதான். இந்தப் பிரேக்கை அழுத்தி வைத்திருப்பது வில். கரண்ட் வந்து வில்லை இழுத்தால்தான் பிரேக் விடும். கரண்ட் இல்லாவிட்டால் பூட்டியது பூட்டியபடிதான். ஜேர்மனியில் இருந்து மோட்டர் அனுப்பலாமா என்று கேட்கிறவர்களுக்கு: அங்கேயும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், இங்கேயும் அதே. ஓடும்.

நாடா ரோலரில் குழாயைப் பிடிக்க ஆள் இல்லை. ஆகவே வெறும் மூட்டு இணைப்பைப் போட்டுவிட்டு முடிந்தது என்று இருக்க முடியாது. பெட்டியின் சுவரில் போய் முட்டுகிற மாதிரி இணைப்பு வேண்டும், இல்லாவிட்டால் பாஸ் சொன்ன தாழ்ப்பாள்தான். அங்கே அவர் சொன்னது சரி. மோட்டர் ரோலருக்குக் கைத்தாழ்ப்பாள் வைத்தால் ஒரு ஆபத்து: தாழ்ப்பாளை எடுக்க மறந்து பொத்தானை அமத்தினால் மோட்டரோ பட்டியோ ஏதோ ஒன்று கெட்டுவிடும்.

இனி வன்னியில் நாங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒரு விசயம். இதை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் அழுத்திச் சொல்கிறேன்.

இந்தப் பூட்டு முழுசாக இறங்கினால் மட்டுமே வேலை செய்யும். முக்கால்வாசி இறங்கினால் முக்கால்வாசிப் பூட்டு என்று ஒன்று இல்லை. பட்டிகளுக்கு இடையில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கடைசியில் கொஞ்சம் இறக்காமல் விட்டால் ஓட்டைகள் திறந்து வெளிச்சமும் காற்றும் வரும். சித்திரை வெக்கைக்கு, கரண்டும் இல்லாத இரவில், எந்த மனுசன் ஓட்டையை மூடிப் படுப்பான்? எல்லோரும் திறந்துதான் விடுவார்கள். அந்த நிலையில் மேலே இணைப்பு எழும்பி நிற்கவில்லை, அரைகுறையாகச் சாய்ந்து கிடக்கிறது. பார்த்தால் மூடியிருக்கும், தூக்கினால் ஏறும். ஆகவே நிலத்து வீட்டில், வீதிப் பக்க யன்னலில் ஓட்டையைத் திறந்துவிட்டுப் படுப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். மேல்மாடி என்றால் விடுங்கள், காற்று வரட்டும்.

அடுத்தது புழுதி. சோளகம் அடிக்கிற மாதங்களில் எங்கள் ஊர்ப் புழுதி சனலுக்குள் போய் நிரம்புகிறது. அடிப்பட்டி கடைசி ஒரு அங்குலத்தில் சிக்கி நின்றால் அதே பிரச்சினை, பூட்டு விழாது. பழைய தூரிகையால் சனலைத் தட்டிவிடுங்கள். எண்ணெய் மட்டும் பூசாதீர்கள், புழுதி எண்ணெயோடு சேர்ந்து களியாகிவிடும்.

மோட்டரின் கீழ் எல்லையையும் பாருங்கள். பல மோட்டர்களின் தலையில் இரண்டு சின்னத் திருகாணிகள் இருக்கும், ஒன்று மேல் எல்லைக்கு, மற்றது கீழ் எல்லைக்கு. ரோலரைப் பொருத்திய ஆள் அவசரத்தில் திரை யன்னலின் அடியைத் தொட்டவுடன் நிறுத்தி வைத்திருந்தால் இணைப்பு எழும்பவே எழும்பாது. கடைசி ஓட்டையும் மூடி, மேல் பட்டி கீழ்நோக்கி அமத்துப்படும் வரை எல்லையை வைக்கச் சொல்லுங்கள். காசு கொடுக்க முதல், ஆளை வைத்துக்கொண்டே வெளியே போய்த் தூக்கிப் பாருங்கள்.

சரி, தூக்க முடியாவிட்டால் உடைக்க மாட்டானா? உடைப்பான். பட்டியை வளைத்துச் சனலில் இருந்து பிடுங்கலாம். ஐரோப்பாவில் இதற்கு இஎன் 1627 என்று ஒரு தரம் இருக்கிறது. அதில் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை ஆர்சி என்று வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். ஆர்சி 2 என்றால் திருப்புளி, குறடு, ஆப்பு மாதிரிச் சின்னச் சாமானுக்கு 3 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். ஆர்சி 3 என்றால் அலவாங்கு மாதிரி நெம்புகிற கம்பியோடு வந்தாலும் 5 நிமிடம். 3 நிமிடம் தானா என்று சிரிக்காதீர்கள். நாய் குரைத்து, பக்கத்து வீட்டு லைட் எரிய அது போதும். மெல்லிய நுரைப் பட்டிக்கு இந்த எண்களை எதிர்பார்க்காதீர்கள், அதற்குக் கனத்த பட்டியும் ஆழமான சனலும் வேண்டும். சனலின் திருகாணி வெளியே தெரிந்தால் எந்த எண்ணும் உதவாது.

இப்போது என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன். 2009 இற்குப் பிறகு திரும்பி வந்து, நிலையோடு கழற்றிக்கொண்டு போன கதவையும் யன்னலையும் பார்த்த சனம் நாங்கள். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்கு முதல் வேலையாக இரும்புக் கிறில் அடித்த ஆட்கள் எத்தனை பேர்! பூட்டில் எங்களுக்கு இருக்கும் ஆசை எனக்கு நல்லாய் விளங்கும். ஆனால் நல்ல கிறில் ஏற்கனவே இருக்கிற யன்னலுக்கு, கள்ளனுக்குப் பயந்து ரோலர் போடாதீர்கள். வெயிலுக்கு வேண்டுமானால் போடுங்கள். அந்தக் காசைப் பின்கதவில் செலவழியுங்கள், பலகை உக்கின பின்கதவு எத்தனை வீட்டில் இருக்கிறது!

வெளிநாட்டில் இருக்கிற உறவுகளுக்கு ஒன்று. வருசத்தில் ஒரு மாதம் வந்து நின்றுவிட்டு, மற்ற மாதமெல்லாம் ரோலரை இறக்கி விட்டிருக்கிறீர்கள். பட்டப்பகலில் இறங்கிக் கிடக்கும் ரோலர் வீட்டில் ஆளில்லை என்று ஊருக்கே சொல்லும். ஜேர்மன் பொலிசும் இதைத்தான் சொல்கிறது: பகலில் இறக்கி விடாதீர்கள் என்று. பக்கத்து வீட்டுச் சித்தியிடம் ஒரு ரிமோட்டைக் கொடுங்கள், காலையும் மாலையும் ஏற்றி இறக்கட்டும். எந்தப் பூட்டையும்விட எனக்கு அவவில் நம்பிக்கை.

கடைசியாக நெருப்பு. வெளியே இருந்து தூக்க முடியாத மோட்டர் ரோலரை, கரண்ட் இல்லாத நேரத்தில் உள்ளே இருந்தும் தூக்க முடியாது. குசினியில் காஸ் பற்றினால், படுக்கையறை யன்னலால் பிள்ளைகளை எப்படி வெளியே எடுப்பீர்கள்? மோட்டர் வாங்கும்போதே கைபிடி போட்டுச் சுற்றுகிற வகையைக் கேளுங்கள். கைபிடியை அலுமாரிக்குள் வைக்காதீர்கள், யன்னலுக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள். வீட்டில் எல்லோரும், அம்மம்மா உட்பட, ஒருதரமாவது அதைச் சுற்றித் திறந்து பார்க்க வேண்டும். கிறிலும் சேர்த்து அடித்த அறை என்றால் ஒரு யன்னல் கிறிலையாவது பிணைச்சல் வைத்துத் திறக்கிற மாதிரி மாற்றுங்கள், திறப்பு அந்தக் கைபிடியோடேயே தொங்கட்டும்.

வவுனியா, மன்னார், முல்லைத்தீவுப் பக்கம் இந்த மூட்டு இணைப்பை விற்கிற, பூட்டித் தருகிற ஆட்கள் இருந்தால் ஊரின் பெயரைக் கொமென்டில் எழுதுங்கள். கேட்கிற ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.