கலங்கல் என்றொரு சொல்

நேயர்களுக்கு வணக்கம். ‘10 சென்டிமீட்டர் மழை’ என்று இதே வானொலியில் கேட்டிருப்பீர்கள். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் அது ஏறத்தாழ 9,000 லிட்டர்; ஒரு தண்ணீர் லாரி. அது எங்கே போனது? எந்த ஏரிக்கோ ஆற்றுக்கோ போய்ச் சேர்ந்ததோ, அதற்குத் தண்ணீர் தரும் நிலம் முழுவதும் ஒரே நீர்வடிப்பகுதி. மலையும் காடும் மட்டுமல்ல, உங்கள் மொட்டைமாடியும் அதற்குள்தான் இருக்கிறது.

இதற்கான சொற்கள் நம்மிடம் ஏராளம். மழைநீரை ஏரிக்குக் கொண்டுவருவது வரத்துக்கால். வயலுக்குத் திறப்பது மதகு. ஏரி நிரம்பியதும் மிச்சம் வெளியேறும் இடம் கலங்கல். கலங்கிய தண்ணீரைச் சொல்லவில்லை. கரையில் ஓரிடத்தை மட்டும் தாழ்வாக விட்டுக் கல்லால் கட்டிய பகுதி அது.

தாம்பரத்துக்கு மேற்கே ஓர் ஏரிக்கரையில், ஒரு முதியவர் எனக்குக் கலங்கலைத் தொட்டுக் காட்டினார். அதன்மேல் குத்துக்கற்களை வரிசையாக நட்டிருந்தார்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் கற்களுக்கிடையே களிமண்ணும் தழையும் அடைத்து, ஒரு முழம் கூடுதலாகத் தேக்குவார்களாம். பெருமழை வருமென்று தெரிந்தால் இரவோடு இரவாக அந்த அடைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். “பூட்டிய வீட்டுக்கு வாசல் விடுவது மாதிரி, ஐயா” என்றார்.

அந்த வாசலுக்கு எதிரில்தான் என் நண்பர் வீடு வாங்கினார். 2015 டிசம்பரில் கழுத்தளவு தண்ணீர். “ஏரி உடைந்துவிட்டது” என்று தொலைபேசியில் கதறினார். ஏரி உடையவில்லை, நேயர்களே. கலங்கல் வழிந்தது; வழியத்தான் அதைக் கட்டினார்கள். கலங்கலிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் போக்குக்காலின் மேல் அவர் வீடு நின்றது. கிராம வரைபடத்தில் அந்த இடம் ஓடைப் புறம்போக்கு. மனை வாங்கும் முன் பட்டாவைப் பார்த்த நண்பர், வரைபடத்தைப் பார்க்கவில்லை. மறுபடியும் சொல்கிறேன்: ஏரி உடையவில்லை.

ஊர்ப் பெயரையும் காது கொடுத்துக் கேளுங்கள். சென்னையில் பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல். தாங்கல் என்றால் சிற்றேரி. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது, ஏரியைத்தான் காணோம்.

பள்ளிக்கரணையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன்; கடிகாரம் விடவில்லை. சுற்றியுள்ள ஏரிகளின் மிகைநீரை வாங்கிப் பிடித்துவைத்து, ஒக்கியம் மடுவு என்ற கால்வாய் வழியாக மெல்ல விடுகிற சதுப்புநிலம் அது. 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது.

நிலத்தடி நீருக்கு ஒரு நிமிடம்தான் மிச்சம். மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. அன்று வடிகட்டும் தொட்டியில் போட்ட மணலும் ஜல்லியும் இன்று சேறேறி அடைத்திருக்கும். ஐப்பசி பிறக்குமுன் தொட்டியின் மூடியைத் திறந்து, அவற்றை அள்ளிக் கழுவிப் போடுங்கள். வணக்கம்.